சாரக்காரரின் காது

சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் சாரக்காரர்.

கொத்தனாரும் பெயிண்டரும் ஏறி நின்று வேலை செய்யக் கட்டடத்தைச் சுற்றிக் கம்பும் பலகையும் கட்டுகிறார்களே, அதுதான் சாரம். அந்தத் தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இது அவரே சொல்வதுதான். ஆனால் இல்லை என்று சொல்லவும் இன்றுவரை ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டுக் கயிற்றுக் கட்டைத் தோளில் ஏற்றியவர். கூலிக்குக் கயிறு சுமந்து, பிறகு முடிச்சுப் போடப் பழகி, பிறகு சொந்தமாகக் கம்பு வாங்கி, கடைசியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு முழு மனையில் இரும்புக் குழாயை மலை போல அடுக்கி, சொந்த லாரியில் அனுப்புகிற அளவுக்கு வந்தவர். யார் கையையும் பிடித்து மேலே வரவில்லை. யார் காலையும் பிடித்து வரவில்லை. ஒரே மகளைக் காலேஜ் வரை படிக்க வைத்து, படித்தவர் வீடாகப் பார்த்தே கட்டிக் கொடுத்தார்.

வினையும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.

சம்பந்தி கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தன்னைப் போல நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, நகரத்தின் பழைய பணக்காரப் பேட்டையை நடந்தே சுற்றுவார். ஒரு காலத்தில் கப்பல் வியாபாரியும் துணி வியாபாரியும் தானிய வியாபாரியும் போட்டி போட்டுக்கொண்டு மாளிகை எழுப்பிய தெருக்கள் அவை. ஒருத்தன் வாசலில் எட்டுத் தூண் வைத்தால் அடுத்த வீட்டுக்காரனுக்குப் பத்து வைக்காமல் தூக்கம் வராது. ஒருத்தன் ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி போட்டால் எதிர்வீட்டுக்காரன் கதவுக்கே போடுவான். அவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது அங்கே இருப்பவை கோடவுன், லாட்ஜ், வயர் கடை.

அன்றைக்குச் சாப்பிடும்போது சம்பந்தி அந்த வீடுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலயும் ஒரு பேர் இருக்கு சம்பந்தி. யாரு வரைஞ்சது, யாரு கட்டினது, எல்லாம் தெரியும்."

"சாரம் கட்டினது யாருன்னு இருக்கா?"

சம்பந்தி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே. "கம்பு கட்டினவங்க பேரையெல்லாம் யாரு எழுதி வெக்கிறாங்க?"

கம்பு கட்டினவன்! ஒரு ஆயுள் முழுக்க ஏறியிறங்கின மனுஷனை இரண்டே சொல்லில் முடித்துவிட்டாரே என்று சாரக்காரருக்குச் சுருக்கென்றது.

"பேர் எதுக்கு? என் மூஞ்சியே அங்க இருக்கு!"

மேஜைக்கு அடியில் அவர் மனைவியின் கால் அவர் காலைத் தேடியது. மிதி விழுவதற்குள் அவர் பாதியைச் சொல்லி முடித்திருந்தார். தானிய வியாபாரியின் மாளிகை, உச்சியில் முகங்கள் வரிசை, அதில் ஒன்று தன் முகம்.

"அப்படியா!" என்றார் சம்பந்தி. "அப்ப வர்ற ஞாயிறு நீங்களே கூட்டிட்டுப் போங்களேன். எங்க ஆளுங்க வேணாம். நம்ம குடும்பம் மட்டும்."

வாசல்வரை வந்து வழியனுப்பிய மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, இந்த வீட்ல இருக்கப்போறது நான். நீங்க சொன்னது வெறும் பேச்சாப் போச்சுன்னா, இனிமே நான் எதைச் சொன்னாலும் 'அப்பா மூஞ்சி மாதிரியா'ன்னு கேப்பாங்க. நெசமாவே இருக்கா?"

"இல்லன்னா என் பேரை மாத்திக்கிறேன் கண்ணு."

"பேரு இருக்கட்டும். அந்த வாயை மாத்துங்க முதல்ல" என்றாள் மனைவி.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். 'கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறேன்' என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. எந்த வேலைக்காரனுக்கு ஓய்வு இருந்தது, பெண்டாட்டியோடு பணக்காரன் வீட்டுக்கு எதிரில் அண்ணாந்து நிற்க?

ஆனால் கதை நெசம்.

கொத்தனார் கட்டின சுவர் நிற்கும். தச்சன் போட்ட கதவு நிற்கும். சாரக்காரனின் வேலைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வேலை முடிந்தது என்பதற்கு அடையாளமே அவன் கட்டினது அங்கே இல்லாமல் போவதுதான். இந்த எரிச்சல் இளவயதிலேயே அவருக்கு உண்டு. அப்படிப்பட்ட காலத்தில் ஒருநாள், தானிய வியாபாரியின் மாளிகையில் மழையில் உதிர்ந்துபோன சுதை முகம் ஒன்றைத் திரும்ப வைக்க ஒரு கிழவர் வந்தார். சுதைக்காரர். வாய் முழுக்க வசவு. எந்த முகம் வைப்பது என்று கேட்டதற்கு வீட்டுக்காரர், 'ஏதாவது ஒரு மூஞ்சி வையப்பா, மேல யாரு பாக்கப்போறா' என்று சொல்லிவிட்டார். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் பலகையைப் பிடித்துக்கொண்டு நம் ஆள்.

"அசையாம நில்லுடா. மூஞ்சியா அது, ஒழுங்காக் கட்டாத சாரம் மாதிரி ஆடுது!"

"என் சாரம் ஆடாது!" என்று இவர் வாயைத் திறக்க, ஒரு கரண்டி சுண்ணாம்புக் கலவை மார்பில் வந்து விழுந்தது. அதற்கப்புறம் அசையவில்லை. மத்தியானத்துக்குள் முகம் வந்துவிட்டது. வலது காதின் விளிம்பில் ஒரு துண்டு இருக்காது இவருக்கு. எப்போதோ கயிறு அறுந்து தெறித்ததில் போனது. எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். கிழவர் அந்தக் கடியையும் விடாமல் வைத்திருந்தார்.

"காதையாவது முழுசா வெச்சிருக்கலாமேய்யா?"

"உங்கிட்ட இருக்கறதைத்தானே வெக்க முடியும்?"

அந்தக் காதுக்குத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. புதிதாக வருகிறவன் முதல்முறை உயரத்தில் பலகைமேல் நடக்கும்போது, கால் உறைந்து நின்றுவிடுவான். திட்டினாலும் வராது, கெஞ்சினாலும் வராது. சாரக்காரர் முன்னால் போய் நின்று, தன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுவார். "கீழ பாக்காத. எதிர பாக்காத. என் காதைப் பாரு. அந்த ஓட்டையை மட்டும் பாரு." அப்படி அந்தக் காதைப் பார்த்தபடி நடந்து பிழைத்தவர்கள் இன்றைக்கு ஊர் முழுக்க உண்டு.

ஞாயிறு வந்தது. பேட்டையின் முகப்பில், பழைய மணிக்கூண்டுக்குக் கீழே சாரக்காரர், மனைவி, மகள், சம்பந்தி என நாலு பேரும் கூடினார்கள். சம்பந்தி வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கழுத்தில் தண்ணீர் பாட்டில். சாரக்காரர் சலவைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்குப் பின்னால வாங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிடுவேன்" என்று முன்னால் நடந்தார்.

முதல் தெருவுக்குள் நுழைந்து இருபது அடி போனதும் அவர் நடை தயங்கியது.

ஒரு வீடும் அடையாளம் தெரியவில்லை.

எங்கு பார்த்தாலும் தூண். அதற்குப் பின்னால் இன்னொரு தூண். தூணுக்கு நடுவே ஷட்டர், அதற்குமேல் போர்டு, போர்டுக்குமேல் வயர் பந்து பந்தாக. போர்ட்டிகோ இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. இவர் இந்த வீடுகளின் நெற்றியோடு நெற்றி வைத்துப் பழகியவர். எந்த வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் எத்தனை பூச்சாடி, எந்த வீட்டு உச்சியில் கல் சிங்கத்துக்குப் பல் இல்லை, எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஆளை அவன் செருப்பை வைத்து அடையாளம் சொல்லு என்றால் எப்படிச் சொல்வது?

"இதுதான்" என்று ஒரு பச்சைக் கதவு வீட்டுக்கு முன்னால் நின்றார்.

"இது வக்கீல் வீடு சம்பந்தி. தானிய வியாபாரியோடது இல்ல. இந்த வளைவுகளைப் பாருங்க, கூர்மையா முடியுது பாருங்க..." சம்பந்தி வளைவைப் பற்றி ஆரம்பித்தார்.

"தெரியும், தெரியும். இதுக்கு அடுத்தது."

அடுத்தது ஒரு லாட்ஜ். அதற்கு அடுத்தது பூட்டிக் கிடந்தது. சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம் முளைத்து, வீட்டைவிட உயரமாக நின்றது. இரண்டாவது தெருவில் திரும்பினார்கள். அதே தூண்கள். மூன்றாவது தெரு அவர்களைச் சுற்றிக்கொண்டுபோய்த் திரும்ப மணிக்கூண்டிலேயே கொண்டுவந்து விட்டது. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியும் அதே மணிக்கூண்டுதான்.

"நல்ல வேளை, கண்ணைக் கட்டல" என்றாள் மனைவி.

"நீ சும்மா இருக்க மாட்ட?"

"நான் சும்மாதான் இருக்கேன். காலுதான் கேக்குது."

சம்பந்தி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் சாரக்காரருக்குத் தாங்கவில்லை. "பரவால்ல சம்பந்தி, இந்தப் பக்கமெல்லாம் ரொம்ப மாறிப்போச்சு. இடிச்சுக்கூட இருப்பாங்க" என்று நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இவர் வாங்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் இரும்புக் கிராதியின் பூ வேலையை ஆராய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்தக் கிராதியில் ஒரு அக்கறையும் இல்லை என்பது பெற்றவனுக்குத் தெரியாதா?

"இடிக்கலை! எவன் இடிப்பான் அதை?" என்று நடுத்தெருவில் கத்தினார். வயர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

மனைவிதான் கேட்டாள். கிண்டல் இல்லாத குரலில் கேட்டாள். "இங்க பாருங்க. நீங்க வேலைக்கு எந்த வழியாப் போவீங்க?"

"எந்த வழின்னா? பின்சந்து வழியாத்தான். கம்பைத் தூக்கிட்டு முன்வாசல்ல போக விடுவானா அவன்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அடக் கடவுளே! இந்த முன்தெருவில் தன் கால் பட்டதே கிடையாது. விடியுமுன் பின்சந்தில் இறங்கி, பின்சுவரைப் பிடித்து மேலே ஏறி, முன்பக்கத்துக்கும் மாடியிலிருந்தே சாரத்தைத் தொங்கவிட்டு வேலை பார்த்தால் இருட்டியபிறகுதான் இறக்கம். சாரத்தைப் பிரிக்கும்போதாவது சுவரைப் பார்த்திருக்கலாம். ஆனால் பிரிக்கிறவன் கண் முடிச்சில் இருக்க வேண்டும், சுவரில் போனால் செத்தான். ஆகக்கூடி, இந்த மாளிகைகளின் தலை தெரியும், முதுகு தெரியும். முகவாசல் மட்டும் தெரியாது.

"வாங்க" என்று முதல் தெருவுக்கே திரும்பிப் போய், லாட்ஜுக்கும் பூட்டிய வீட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்தார்.

பின்சந்து ஒரு ஆள் அகலம். சாக்கடை நடுவே ஓடியது. சம்பந்தி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, "இந்தப் பக்கம் நாங்க வந்ததே இல்ல" என்றார், மூக்கைப் பொத்தியபடி. சாரக்காரர் சுவரைத் தடவிக்கொண்டே போனார். இது சுழல் இரும்புப் படி, கப்பல்காரர் வீடு. இது இரட்டைப் புகைபோக்கி, துணிக்காரர் வீடு. இந்தச் சுவரில் வரிசையாக வட்டம் வட்டமாகப் பூசி மூடியிருக்கிறதே, அது கம்பு செருகின துளைகள். அந்த இடைவெளி அவர் தன் கையால் அளந்து வைத்தது. நின்றார்.

"இதோ. இதுதான்யா அது."

திரும்ப முன்தெருவுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால், காலையிலிருந்து மூன்று தடவை தாண்டிப்போன வீடு! கீழே பிளாஸ்டிக் நாற்காலி கோடவுன். எல்லோரும் அண்ணாந்தார்கள். மூன்றாவது மாடிக்குமேல் அகலமான கார்னிஸ் ஒன்று தொப்பியின் விளிம்பு மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது. அதில் புறா எச்சம். அதற்குமேல் வானம்.

"முகம் எங்கப்பா?" என்றாள் மகள்.

"அந்த விளிம்புக்குப் பின்னால. கைப்பிடிச் சுவர்ல."

"அப்ப கீழயிருந்து தெரியாதா?"

அவர் இன்னொருமுறை அண்ணாந்து பார்த்தார். தெரியாது. தான் கீழிருந்து பார்த்ததே இல்லை என்பதால், தெரியாது என்பதும் இத்தனை வருஷம் தெரியாது.

வாட்ச்மேனிடம் போனார். ஞாயிற்றுக்கிழமை, ஓனர் வரமாட்டார், சாவி இல்லை.

"தம்பி, நான் கட்டின சாரத்துலதான் இந்த வீட்டு உச்சியே நிக்குது."

"சந்தோஷம் ஐயா. வெளிய நின்னே பாத்துக்கங்க."

"வெளிய நின்னா தெரியலடா!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

நியாயமான கேள்விதான். நியாயமான பேச்சைக் கேட்டால் அவருக்கு அன்றைக்குக் கோபம் இரண்டு மடங்கானது. தெருவின் எதிர்ப்பக்கம் திரும்பினார். அங்கே இன்னொரு மாளிகை, அதே உயரம், மேல்மாடியில் தையல் மெஷின் சத்தம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை. கேட்காமல் கொள்ளாமல் மரப்படியில் ஏறினார். மற்றவர்கள் பின்னால்.

மேலே தெருவைப் பார்த்துத் தரைவரை இறங்கிய பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் வெளியே பால்கனி இருந்திருக்க வேண்டும். அது விழுந்துபோய், இடுப்பளவு இரும்புக் கம்பி மட்டும் குறுக்கே. "பாத்துட்டுச் சீக்கிரம் போங்க சார், வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றார் தையல்காரர், தலை நிமிராமல்.

எதிரே, கண்ணுக்கு நேராக, பூ வளையத்துக்குள் முகங்கள். கடைசிக்கு முந்தினது. மேலே எத்தனை கோட்டிங் பெயிண்டோ, கன்னம் உப்பிப்போய்க் கண் பாதி மூடியிருந்தது. ஆனால் வலது காது... மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சம்பந்தி, வாங்க! இங்க வந்து பாருங்க!"

திரும்பினால், சம்பந்தி அறையின் மறுகோடியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். தொப்பி கையில். நெற்றியெல்லாம் வேர்வை.

"மாமாவுக்கு உயரம் ஆகாதுப்பா" என்றாள் மகள் மெதுவாக.

"போட்டோ எடு, கண்ணு!"

எடுத்தாள். சூரியன் எதிர்வீட்டுக்குப் பின்னால் நின்றது. படத்தில் கறுப்பாக ஒரு வரிசை விழுந்தது. முகமும் இல்லை, காதும் இல்லை. பெரிதாக்கிக் காட்டினால் கருகின ரொட்டி மாதிரி இருந்தது.

"பரவால்ல சம்பந்தி" என்றார் சம்பந்தி, சுவரை விடாமல். "மருமக பாத்துட்டாளே, அது போதும். நான் நம்பறேன்."

நம்பறேன்! சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். மகளுக்காக, மரியாதைக்காக, உடம்பு சரியில்லாதவனுக்கு மருந்து கொடுப்பது மாதிரி ஒரு 'நம்பறேன்'. காலையிலிருந்து சாக்கடை மிதித்து, தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் கிடைத்தது இதுதானா? நாளைக்கு அந்தச் சாப்பாட்டு மேஜையில் இது என்ன ஆகும்? 'அவர் சொன்னார், நாங்களும் சரின்னுட்டோம்' என்றாகும். மகள் முகம் திரும்பக் கிராதியைப் பார்த்த முகமாகிக்கொண்டிருந்தது.

சாரக்காரர் விறுவிறுவென்று அறையைக் கடந்து சம்பந்தியின் எதிரில் போய் நின்று, முதுகைக் காட்டினார்.

"என் பெல்ட்டைப் பிடிங்க."

"வேணாம் சம்பந்தி..."

"பிடிங்கன்றேன்ல. ரெண்டு கையாலயும். கீழ பாக்காதீங்க. ஜன்னலைப் பாக்காதீங்க. என் காதைப் பாருங்க. அந்த ஓட்டையை மட்டும் பாருங்க."

காலேஜில் எத்தனையோ பேரை அதட்டினவர், சின்னப்பிள்ளை மாதிரிப் பெல்ட்டைப் பிடித்தார். ஒரு அடி. நின்றார்கள். இன்னொரு அடி. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எங்க பாக்கறீங்க?" "காதை." "எப்படி இருக்கு?" "கடிச்ச மாதிரி இருக்கு." "கடியில்ல, கயிறு. நடங்க." கம்பிக்கு ஒரு முழம் இருக்கும்போது சாரக்காரர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார், அவ்வளவுதான்.

சம்பந்தியின் கண் இந்தக் காதிலிருந்து எதிர்வீட்டு முகத்தின் காதுக்குப் போனது. திரும்ப வந்தது. திரும்பப் போனது.

"அதே கயிறு" என்றார். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பாத்துட்டேன். போதும். இறக்கி விடுங்க என்னை!"

"தரையிலதான் நிக்கறீங்க மாமா!" என்று மகள் சிரித்தாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தச் சிரிப்பில் வந்தது.

வந்த மாதிரியே, பின்னோக்கி, பெல்ட்டை விடாமல் போனார்கள். கீழே தெருவில் கால் பட்டதும் சம்பந்திக்கு உயிர் வந்துவிட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டார். "காது உங்களுதுதான் சம்பந்தி, சந்தேகமே இல்ல. நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். ஆனா அந்த மூக்கு இருக்கே, அது மத்த முகங்களோட மூக்கு மாதிரியே நீளமா, நேரா..."

"என் மூக்குக்கு என்ன?"

"மூக்கு அழகா இருக்குன்னா அது உங்களுது இல்லன்னு எனக்கே தெரியுமே" என்றாள் மனைவி. ஆனால் நடக்கும்போது அவருடைய வலப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டாள்.

சாரக்காரர் கடைசியாக ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். புறா எச்சம், விளிம்பு, வானம். எத்தனை பேர் வந்து நின்று பார்த்தாலும் இதுதான் தெரியும். ஒவ்வொருத்தனையும் பெல்ட்டைப் பிடிக்கவைத்தா மேலே கூட்டிப்போக முடியும்? எப்போதோ செத்துப்போன சுதைக்காரக் கிழவர்மேல் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டடி முன்னால தள்ளி வெச்சிருந்தா அந்த ஆளுக்கு என்ன கெட்டுப்போயிருக்கும்?" என்று மணிக்கூண்டுவரை திட்டிக்கொண்டே நடந்தார்.